நான் பிடிச்சிக்கிட்டுத்தான் இருந்தேன்

அந்தக் குடோன் செவுத்துல எழுதியிருக்கே சார், 'செழியன் தானியக் கிட்டங்கி'ன்னு, அது யாரு பேருன்னுதானே கேட்டீங்க. சொல்லுதேன். பஸ்ஸு எப்படியும் அரை மணி நேரம் கிளம்பாது. மாத்து டயர்லயும் காத்து இல்லையாம், கண்டக்டர் போன் போட்டுக்கிட்டு நிக்காரு பாருங்க. இந்த உடமரத்து நிழல்ல உக்காருங்க. முள்ளு கிடக்கும், பாத்து. நான் நின்னுக்கிடுதேன். இடது தோளு இறங்கிப் போச்சு, உக்காந்தா ஊணி எந்திரிக்க முடியாது.

அந்தப் பையன் பேரு முத்துச்செழியன். விளாத்திகுளம் பக்கம் ஒரு கரிசக்காட்டு ஊரு. இங்க காலேஜுல மூணாவது வருஷம் படிச்சான். ஒல்லியா, கழுத்தெலும்பு துருத்திக்கிட்டு, சட்டையைக் கொடியில காயப்போட்ட மாதிரி இருப்பான். செத்து ஏழரை வருஷம் ஆச்சு. நான் அவனைக் கொல்லல சார். இந்தக் காலனியில யாரைக் கேட்டாலும் தங்கப்பழம்தான் கொன்னான்னு சொல்லுவாவ. தங்கப்பழம் நான்தான். ஆனா கோர்ட்டே அப்படிச் சொல்லல. நான் பிடிச்சிக்கிட்டுத்தான் இருந்தேன்.

முதல்ல இருந்து சொன்னாத்தான் விளங்கும்.

நான் குணசிங் முதலாளிகிட்ட வேலை பாத்தேன். முதலாளிக்கு மளிகைக்கடை, அரிசி மண்டி, ரெண்டு லாரி. ரேஷன்ல அரிசி போட்ட மறுநாள் நான் இந்தக் காலனிக்குள்ள சைக்கிளோட வீடு வீடாப் போவேன். இருக்கிற அரிசியை வாங்கி மூட்டை பிடிச்சு லாரியில ஏத்துவேன். லாரி செங்கோட்டை வழியா மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுக்குப் போயிரும், கொஞ்சம் மண்டியிலயும் இறங்கும். தப்புதான், சட்டப்படி தப்புதான். ஆனா யாரையும் நான் கட்டாயப்படுத்தினது கிடையாது. குடுத்தாவ, வாங்கினேன். தாயம்மாள்னு ஒருத்தி ஒரு மாசம் கதவைச் சாத்திக்கிட்டுத் தரமாட்டேன்னா. அவ புருஷன் படுக்கையில கிடந்தான். நான் கதவை ஒரு மிதி மிதிச்சேன். செல்லரிச்ச கதவு, அதுவா விழுந்துட்டு. பொறவு அவளே எடுத்துக் குடுத்துட்டா.

இங்க எல்லாரும் உப்பளத்துல கூலி. ஐப்பசி பொறந்தா வேலை கிடையாது, பாத்தியெல்லாம் மழைத்தண்ணி நிக்கும். தை வரைக்கும் சனம் சும்மா கிடக்கும். அந்த மூணு மாசமும் முதலாளி கடையிலதான் அரிசி வாங்கியாவணும். நாம வித்த அரிசியையே நமக்கு விக்கான்னு சில பேரு பேசுவாவ. அரிசியில பேரா எழுதியிருக்கு.

அந்த வருஷம் தை கடைசியில காலேஜ் பிள்ளைய ஏழெட்டுப் பேரு வந்தாவ. முதல்ல தராசு கொண்டுவந்து சின்னப் பிள்ளையளை நிறுத்தி எடை பாத்தாவ. மழை முடிஞ்ச நேரம், பிள்ளைய எல்லாம் எலும்பும் தோலுமாத்தான் இருக்கும், வருஷா வருஷம் அப்படித்தான். அதைப் பாத்துட்டு ரோஸ்லின்னு ஒரு பிள்ளை, கடற்கரைப் பக்கத்துப் பிள்ளை, அங்கனயே உக்காந்து அழுதிருக்கு. செழியன் அழல. நோட்டுல எழுதிக்கிட்டுப் போனான். அடுத்த ஞாயித்துக்கிழமை திரும்ப வந்தான்.

என் வீட்டுக்கும் வந்தான். நான் யாருன்னு அவனுக்குத் தெரியாது. வாசல்ல நின்னு, "அண்ணாச்சி, வேலை இருக்கிற மாசம் எல்லாம் ரேஷன் அரிசியில ரெண்டு படி போடுங்க. கிட்டங்கியில சேத்து வைப்போம். மழை மாசத்துல வீட்டுக்கு வீடு திரும்ப வரும்"ன்னான்.

"யாருலே நீ? எங்களுக்குச் சோறு போட வந்திருக்கியா?"

"இல்ல அண்ணாச்சி. உங்க சோத்தை உங்ககிட்டயே வச்சுக்கச் சொல்ல வந்திருக்கேன்."

சிரிச்சிக்கிட்டுத்தான் சொன்னான். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கல. வெளிய போன்னு சொன்னேன், போயிட்டான். பக்கத்து வீட்டுல அதையே திரும்பச் சொல்லுதது எனக்குக் கேட்டுச்சு.

இந்தக் கிட்டங்கி அப்போ கூரை இல்லாம கிடந்துச்சு. பழைய உப்புக் கிட்டங்கி, யாரும் சீந்துததில்ல. அந்தப் பிள்ளைய தகரம் வாங்கி வந்து, தானே ஏறிக் கூரை போட்டாவ. படிச்ச பிள்ளைய, உள்ளங்கை எல்லாம் கொப்புளம். அரிசிக்கு ஊடால வேப்பிலையும் காஞ்ச மிளகாயும் போட்டு மூட்டை கட்டினாவ. சாவியைப் பொம்பளையள்கிட்ட குடுத்தாவ. மூணு பூட்டு, மூணு சாவி, மூணு வீடு. மூணு பேரும் சேந்து வந்தாத்தான் திறக்கும்.

அதுல ஒரு சாவி என் வீட்டுல இருந்திருக்கு சார். என் பெண்டாட்டி செண்பகவடிவு தாலிக்கொடியில கோத்து ரவிக்கைக்குள்ள போட்டிருந்தா. வைகாசி வரைக்கும் எனக்குத் தெரியாது. நான் காலனி முழுக்க அரிசி வாங்கப் போய் வெறும் சாக்கோட வாறேன், என் வீட்டு அரிசி கிட்டங்கியில கிடக்கு. எந்த ஆம்பளைக்குக் கோவம் வராது, நீங்களே சொல்லுங்க. ரெண்டு அடி அடிச்சேன். அவ்வளவுதான். கீழ விழுந்தவ அம்மிக்கல்லுல வாயை இடிச்சிக்கிட்டா. முன்பல்லு ஒண்ணு போச்சு. அது முன்னமே ஆடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. என் மக பொன்மலர், அப்போ ஆறாம் வகுப்பு, பல்லைத் தேடி எடுத்துக் கழுவி ஒரு டப்பாவுல போட்டு வச்சா. எதுக்குன்னு கேட்டேன். சும்மான்னா.

சாவியைக் கேட்டேன், செண்பகவடிவு தரல. வாயெல்லாம் ரத்தம், கையை மட்டும் நெஞ்சுல வச்சுப் பொத்திக்கிட்டா. சரி போன்னு விட்டுட்டேன். எனக்கும் இரக்கம் உண்டு.

ஆடி மாசம் லாரி பாதி மூட்டையோட நின்னுச்சு. முதலாளி என்னை மண்டிக்குக் கூப்பிட்டுவிட்டாரு. எல்லா லோடுமேனும் நிக்கான். "காலனியில உன் பேச்சுக்கு மதிப்பு இல்லையாலே"ன்னு கேட்டு, செவுட்டைச் சேத்து ஒரு அறை விட்டாரு. காதுக்குள்ள விசில் அடிச்ச மாதிரி ஆயிட்டு. அவரு அடிக்கிறதுல எனக்கு வருத்தம் இல்ல. உரிமை இருக்கப் போய்த்தானே அடிக்காரு. "மூணு மாசத்துல மழை வந்துரும். அந்தக் கிட்டங்கி நிறைஞ்சா என் கடையில ஈ ஓட்டவேண்டியதுதான். அந்தப் பயல்வளுக்கு ஒரு பாடம் காட்டுங்க"ன்னாரு. கூட அவரு அக்கா மவன் சேர்மத்துரையை அனுப்பினாரு.

சேர்மத்துரைக்கு இருபத்தஞ்சு வயசு இருக்கும். கோவம் வந்தா முகம் வெளுக்கும் அவனுக்கு. செவக்காது, வெளுக்கும். அவன்கூட நிக்க எனக்கே பயம்தான்.

உப்பளத்து நடுவுல வரப்புப் பாதை போவுதுல்ல, அங்கன வச்சு மறிச்சோம். பட்டப்பகல். செழியன் சைக்கிள்ல ஒத்தையா வந்தான், பின்னால அரிசிச் சாக்கு. சேர்மத்துரை சைக்கிளை எத்தினான். பையன் பாத்திக்குள்ள விழுந்தான். எந்திரிக்க விடல. ஆடிக் காத்துல வத்தி நிக்கிற தண்ணி சார், உப்பு உறைய ரெண்டு நாள் இருக்கும், கையை விட்டாலே கீறல் எல்லாம் எரியும். அதுக்குள்ள அவன் முகத்தை முக்கினான் சேர்மத்துரை. தலையைத் தூக்குவான், "வருவியாலே?"ன்னு கேப்பான். அவன் இருமிக்கிட்டே, "வருவேன்"ங்கான். திரும்ப முக்குவான். நான் காலைப் பிடிச்சிக்கிட்டேன், ரொம்ப உதைச்சான்னு. நாலாவது தரம் அவனால பேச முடியல. தலையை மட்டும் ஆட்டினான். ஆமான்னு ஆட்டினானா இல்லைன்னு ஆட்டினானான்னு எங்களுக்குத் தெரியல. விட்டுட்டோம். சாக்கை அவுத்து அரிசியைப் பாத்திக்குள்ள கொட்டிட்டு வந்தோம்.

அடுத்த ஞாயித்துக்கிழமை வந்துட்டான். கண்ணு ரெண்டும் பழுத்த மிளகாய் மாதிரி இருந்துச்சாம். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். போலீஸ்ல எழுதிக் குடுத்திருக்கான், அவங்க விசாரிக்கோம்னு சொல்லியிருக்காவ. என்னைத் தெருவுல பாத்தான். நான் சைக்கிளை விட்டு இறங்கல. அவன் நின்னான்.

"அண்ணாச்சி, உங்க வீட்டுக்கு மூணு பேருன்னு நோட்டுல எழுதியிருக்கேன். அக்கா ரெண்டு பேருன்னுதான் சொன்னாங்க. நான்தான் உங்களையும் சேத்தேன். மழை மாசத்துல உங்க பங்கும் வரும்."

நான் காறித் துப்பிட்டுப் போயிட்டேன். வேற என்ன செய்யச் சொல்லுதீங்க. காலனியே பாத்துக்கிட்டு நிக்கி.

கார்த்திகையில மழை பிடிச்சுது. நீங்க இந்தப் பக்கம் மழை பாத்திருக்கீங்களா? பன்னிரண்டு நாள் விடல. காலனியைச் சுத்தித் தண்ணி, ரோட்டுக்கு வரணும்னா இடுப்பளவு. மத்த வருஷம்னா அஞ்சாம் நாளே பிள்ளைய பசிச்சு அழும் சத்தம் கேட்டிரும். அந்த வருஷம் கேக்கல. கிட்டங்கியை மூணு பொம்பளையளும் சேந்து திறந்தாவ. காலேஜ் பிள்ளைய நாலு பேரு தண்ணி ஏறுததுக்கு முன்னமே வந்து உள்ள தங்கிட்டாவ. ஒரு பெரிய அண்டாவை வச்சு ரெண்டு நேரமும் கஞ்சி. கருவாட்டுத் துவையல் வாசம் என் வீடு வரைக்கும் வருமாம். நான் போவல. மண்டியில பொரிகடலை தின்னுக்கிட்டுக் கிடந்தேன்.

முதலாளி கடையில நூத்தம்பது மூட்டை அப்படியே கிடந்து ஈரம் கோத்து வண்டு விழுந்துட்டு. பன்னிரண்டாம் நாள் மழை கொஞ்சம் வெறிச்சுது. காலையில பத்து மணி இருக்கும். முதலாளி ஒரு டிராக்டரும் ரெண்டு கேன் மண்ணெண்ணெயும் குடுத்தாரு. "ஆளை ஒண்ணும் செய்யாதீங்க. அரிசியில ஊத்திட்டு வந்துருங்க, போதும்"ன்னாரு. அவரு அப்படித்தான் சொன்னாரு, நான் காதால கேட்டேன். கோர்ட்டுல நான் அதைக்கூடச் சொல்லல. சின்ன வயசுல இருந்து என்னை வளத்தவரு.

சேர்மத்துரை, நான், டிரைவர், மண்டியில வேலை பாக்கிற ஒருத்தன். நாலு பேரு. தண்ணிக்குள்ள டிராக்டர் வந்து, இந்தா, அந்த வாசல்லதான் நின்னுச்சு. உள்ள கஞ்சி ஊத்திக்கிட்டு இருந்தாவ. பொம்பளைய, பிள்ளைய எல்லாம் தட்டோட வரிசையா நிக்காவ. என் மகளும் நின்னா. செழியன் வாசலுக்கு வந்தான். கையில அகப்பை.

"பிள்ளைய சாப்பிடுதாவ. அப்புறம் பேசுவோம்"ன்னான்.

சேர்மத்துரை கேனைத் திறந்து வாசல் பக்கம் இருந்த மூட்டையில ஊத்த ஆரம்பிச்சான். வாடை வந்ததும் பிள்ளைய அழ ஆரம்பிச்சுது. செழியன் அகப்பையைப் போட்டுட்டுக் கேனைப் பிடிச்சான். சேர்மத்துரை இழுக்கான், அவன் விடமாட்டேங்கான். ரெண்டு பேரும் கட்டிப் புரண்டதுல எண்ணெய் செழியன் சட்டையெல்லாம். மேல விழுந்து மூட்டையைக் கட்டிப் பிடிச்சிக்கிட்டான் சார், அம்மாவைப் பிடிக்கிற மாதிரி. சேர்மத்துரை எந்திரிச்சான். முகம் வெளுத்துப் போச்சு.

"தங்கப்பழம், இவனைப் பிடி"ன்னான்.

நான் பின்னால இருந்து ரெண்டு கையையும் சேத்து வளைச்சுப் பிடிச்சேன். மூட்டை தூக்குத உடம்பு எனக்கு, அவன் எம்மாத்திரம். அவன் நெஞ்சு அடிச்சது என் நெஞ்சுல தெரிஞ்சுச்சு, கோழிக்குஞ்சைக் கையில பிடிச்ச மாதிரி. "அண்ணாச்சி, விடுங்க"ன்னான். மெதுவாத்தான் சொன்னான், எனக்கு மட்டும் கேக்கிற மாதிரி. திரும்ப ஒருதரம், "அண்ணாச்சி."

என் இடுப்புல எப்பவும் மூட்டைக் கொக்கி தொங்கும். இரும்புக் கொக்கி, தேச்சுத் தேச்சு முனை ஊசி மாதிரி இருக்கும். சேர்மத்துரை அதை உருவினான். எடுத்தது எனக்குத் தெரியும். தொடையில ஒண்ணு போடுவான்னு நினைச்சேன். கசாப்புக் கடைக்காரன் மாதிரி வயித்துல மாட்டி மேல இழுத்தான். ரெண்டு தடவை. அந்த உடம்பு என் கைக்குள்ள துள்ளுச்சு. சூடா என் கையில ஊத்துச்சு, முதல்ல நான் கஞ்சின்னு நினைச்சேன்.

அப்புறம்தான் விட்டேன். விட்டதும் அவன் உக்காந்தான். விழல, உக்காந்தான். வெளிய வந்ததை ரெண்டு கையாலயும் உள்ள தள்ளப் பாத்தான். சுத்திக் கிடந்த அரிசி செவந்து போச்சு.

பொறவு என்ன நடந்துச்சுன்னு முழுசா எனக்குத் தெரியாது. உப்பு வாருத பலகை இருக்கே, நீட்டுக் கம்புல பலகை அடிச்சிருக்கும், அது மூலையில பத்துப் பதினைஞ்சு சாத்தி இருந்துச்சு. பொம்பளைய எடுத்துட்டாவ. டிரைவர் தண்ணிக்குள்ள குதிச்சு ஓடிட்டான். மண்டி வேலைக்காரனுக்கு முட்டி போயி இன்னைக்கும் நொண்டுதான். சேர்மத்துரையைத் தரையில போட்டு நாலஞ்சு பேரு இடிச்சாவ, நெல்லுக் குத்துத மாதிரி, ஒருத்தி மாத்தி ஒருத்தி. தாடை உடைஞ்சு, ஒரு கண்ணு போச்சு. தாயம்மாள்தான் கண்ணுல போட்டான்னு சொல்லுவாவ. அவளை எந்தக் கோர்ட்டும் கூப்பிடல, அதையும் சொல்லிக்கிடுதேன்.

என்னை அடிச்சது யாருன்னு நினைக்கீங்க. என் பெண்டாட்டி. நான் ரெண்டு கையையும் தூக்கிக் காட்டுதேன், "ஏட்டி, நான் ஒண்ணும் செய்யல, நான் பிடிச்சிக்கிட்டுத்தான் இருந்தேன்"ங்கேன். கையெல்லாம் அந்தப் பையன் ரத்தம். அவ அதைப் பாத்தா. பலகையைத் தலைக்கு மேல தூக்கி, கண்ணை மூடாம என் தோள்ல இறக்கினா. எலும்பு உடைஞ்ச சத்தம் எனக்கே கேட்டுச்சு. இன்னொன்னுக்கு ஓங்கினா. என் மக வந்து அவ சேலையைப் பிடிச்சா. அடிக்க வேண்டாம்னு தடுக்கல சார். "அம்மா, செழியன் அண்ணனைத் தூக்கணும், வா"ன்னா.

ஆம்புலன்ஸ் ரோட்டுல நின்னுட்டு, தண்ணிக்குள்ள வராதுன்னுட்டாவ. கிட்டங்கிக் கதவைப் பெயத்து, அதுல அவனைக் கிடத்தி, எட்டுப் பொம்பளைய தலைக்கு மேல தூக்கிக்கிட்டு இடுப்பளவு தண்ணியில நடந்தாவ. ரோஸ்லின் பிள்ளை பக்கத்துல நடந்து வயித்தைத் துணியால அமுக்கிக்கிட்டே போச்சு. பாதி வழியில அவனுக்கு மூச்சு இல்லையாம். இருந்தாலும் யாரும் இறக்கல, ரோடு வரைக்கும் தூக்கியே போயிருக்காவ. நான் அரிசி மூட்டைக்கு ஊடால கிடந்தேன். எனக்கு ஒரு வாய் தண்ணி தர ஆளில்ல. வலி உயிர் போவுது. அதை யாரும் பேசமாட்டாவ.

கோர்ட்டுல என் வக்கீல் நல்லாத்தான் கேட்டாரு. செண்பகவடிவு கூண்டுல நின்னா, முன்பல்லு இல்லாம.

"உங்க வீட்டுக்காரர் அந்தப் பையனைக் குத்தினாரா?"

"இல்ல."

"அடிச்சாரா?"

"இல்ல."

"வேற என்னதான் செஞ்சாரு?"

"அவிய பிடிச்சிக்கிட்டாவ. பிடிக்காம இருந்திருந்தா அந்தப் பிள்ளை இன்னைக்கு உயிரோட இருக்கும்."

முதல் ரெண்டு பதிலோட நிறுத்தியிருக்கலாம்ல. கட்டின புருஷன். நான் அவளையே பாத்துக்கிட்டு இருந்தேன். அவ ஜட்ஜைப் பாத்துக்கிட்டு இருந்தா. சேர்மத்துரைக்கு ஆயுள். எனக்கு ஏழு வருஷம். முதலாளி மேல கேஸ் நிக்கல. ஒரு தடவை கூட பாளையங்கோட்டை ஜெயிலுக்கு என்னைப் பாக்க வரல அவரு. வேலை இருந்திருக்கும்.

இன்னொண்ணு சொல்லாம விட்டுட்டேன். தீர்ப்புக்கு முந்தின வாய்தாவுல வெளிய பெஞ்சுல எங்களை உக்கார வச்சிருந்தாவ. அந்தப் பையனோட அப்பா வந்தாரு. ஆடு மேய்க்கிற மனுஷன், துண்டைக் கையில சுருட்டிப் பிடிச்சிருந்தாரு. போலீஸ்காரர் தடுத்தாரு. அடிக்க வரலன்னு சொல்லிட்டு என் முன்னால வந்து நின்னாரு.

"நீங்கதான் அவனைப் பிடிச்சிருந்தீங்கன்னு சொன்னாங்க. கடைசியா பக்கத்துல இருந்தது நீங்கதான். எதாவது சொன்னானா?"

அவரு கேட்ட விதத்துல கோவம் இல்ல. அதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. விடுங்கன்னு சொன்னான்னு சொல்லமுடியுமா. "ஒண்ணும் சொல்லல"ன்னேன். "அம்மான்னாவது சொன்னானா?"ன்னாரு. இல்லைன்னேன். தலையை ஆட்டிக்கிட்டுப் போயிட்டாரு. அந்த ஆளு முகம் சில நாள் சோத்துல உக்காரும்போது வரும். சாப்பாடு இறங்காது. எனக்கும் மனசு இருக்கு சார்.

போன தை மாசம் வெளிய விட்டாவ. நேரா இங்கதான் வந்தேன். கிட்டங்கியில புதுக் கதவு, செவுத்துல அந்தப் பேரு. இப்போ பக்கத்துல நாலு காலனியில இதே மாதிரி வச்சிருக்காவளாம். வருஷா வருஷம் புதுசு புதுசாப் பிள்ளைய காலேஜுல இருந்து வருது. செண்பகவடிவு வாசல்ல அரிசி அளந்துக்கிட்டு இருந்தா. நான் போய் நின்னேன். முடியெல்லாம் நரைச்சிருந்துச்சு. "இருக்கியா"ன்னேன். அவ ஒரு தட்டுல கஞ்சி ஊத்திக் குடுத்தா. வந்த எல்லாருக்கும் குடுக்கிறது எனக்கும் குடுத்தா, கூடவும் இல்ல, குறையவும் இல்ல. குடிச்சேன். குடிச்சு முடிச்சதும் தட்டை வாங்கிக் கழுவி வச்சுட்டு, "கிளம்புங்க, ஆளுவ நிக்காவ"ன்னா. அவ்வளவுதான் பேசினா. என் தம்பி வீட்டுல ஒரு மூலையில கிடக்கேன் இப்போ.

அதுகூடப் பரவாயில்ல. பொன்மலர் காலேஜுல சேந்திருக்கான்னு கேள்விப்பட்டேன். அதே காலேஜு. போன வாரம் காஜா கடையில ஒரு பொட்டலம் மஸ்கோத் அல்வா வாங்கிக்கிட்டுப் போனேன். கேட்டுல வாட்ச்மேன் உள்ள போன் போட்டுக் கேட்டான்.

"த. பொன்மலர்னு யாரும் இல்லையாம். செ. பொன்மலர்னு ஒரு பிள்ளை இருக்காம். அதுவா?"ன்னான்.

நான் பொட்டலத்தோட அங்கனயே நின்னேன். கொஞ்ச நேரத்துல அவளே வந்தா. அவ அம்மா உயரம். கையில அரிசிச் சாக்கும் ஊசி நூலும், எங்கயோ கிளம்பிக்கிட்டு இருந்திருக்கா. என்னைப் பாத்ததும் நின்னா. கேட்டுக்கு வெளிய வரல.

"இனிஷியலை மாத்திட்டியா?"ன்னேன்.

"ஆமா."

"யாரு மாத்தச் சொன்னது? உங்கம்மாவா?"

"யாரும் சொல்லல. நானாத்தான் மாத்தினேன்."

"செ-ன்னா யாரு?"

"அம்மா பேரும் அதுலதான் ஆரம்பிக்குது"ன்னா. அம்மா பேரும்னு சொன்னா சார். அந்த 'உம்' எதுக்குன்னு எனக்கு விளங்காமலா இருக்கு. நான் பொட்டலத்தைக் கம்பி வழியா நீட்டினேன். வாங்கினா. வாங்கி வாட்ச்மேன்கிட்ட, "அண்ணே, உங்க பிள்ளைகளுக்குக் கொண்டு போங்க"ன்னு குடுத்துட்டு, என்கிட்ட ஒரு கும்பிடு போட்டுட்டு உள்ள போயிட்டா. வேத்தாளுக்குக் கும்பிடுத மாதிரி.

இப்போ அதுக்குத்தான் தூத்துக்குடிக்கு, வக்கீலைப் பாக்கப் போறேன். பெத்தவன் கையெழுத்து இல்லாம ஒரு பிள்ளை தகப்பன் எழுத்தை எடுத்துப் போட்டுர முடியுமான்னு கேக்கணும். நீங்க பாக்கப் படிச்சவரு மாதிரி இருக்கீங்க. அதுக்கு ஒரு சட்டம் இருக்கும்ல? செத்துப்போனவன்னா சரி, எடுத்துக்கிடட்டும். நான் உயிரோடதானே சார் இருக்கேன்.